இடது வளைவில் அலறிய வண்டி

எனக்கு வாய் நீளம். அதை நானே சொல்லிவிடுகிறேன். நாலு வருடமாக என் வீட்டுக்காரர் வலது காலை இழுத்துக்கொண்டு வாசல்படி ஏறும் ஒவ்வொரு சாயங்காலமும் நான் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "செத்தவன் இன்ஜினை வீட்டுக்குக் கொண்டு வந்தீங்கல்ல, அனுபவிங்க." சொந்தக்காரர்கள் வந்திருந்தாலும் சொல்வேன். கல்யாண வீட்டில் அவர் நாற்காலி தேடினாலும் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடு மலேசியாவில், கிள்ளானில். அவர் துறைமுகப் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் டிரெய்லர் லோரி மெக்கானிக். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறவள். காலையில் கொமுட்டர் ரயிலில் போய், சாயங்காலம் அதிலேயே நின்றுகொண்டு வருவேன். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன மிச்சம் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவர் அதற்கும் சிரிப்பார்.

அந்தப் பொக்கெட் பைக் வந்தது வொர்க்‌ஷாப் ஸ்டோரிலிருந்து. முழங்கால் உயரம்கூட இல்லை. பந்தய வண்டியைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிப்போன மாதிரி இருந்தது. உள்ளே இருந்த குட்டி இன்ஜின் செத்துப்போயிருந்ததால் முதலாளி, "வேணும்னா எடுத்துக்கோலா, இடத்தை அடைக்குது" என்று கொடுத்துவிட்டார். இவர் அதைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். நாற்பத்து மூன்று வயது மனிதர், தொந்தியும் வழுக்கையுமாக அதில் ஏறி உட்கார்ந்து, "எப்படி?" என்றார்.

"சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கு. இறங்குங்க, பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் பாக்குறாங்க."

அவர் இறங்கவில்லை. அந்தக் குட்டி இன்ஜினுக்குப் பதில் கப்சாய் இன்ஜினைப் போடப் போகிறேன் என்றார். கப்சாய் என்றால் இங்கே பாதி ஊர் வேலைக்குப் போகிற சாதாரண மோட்டார் சைக்கிள். அந்த இன்ஜின் இதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. "லோரி இன்ஜினையே இறக்கி ஏத்துறவன் நான், இது பொம்மை" என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை நாள் வேலை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்துவிடுவார். சட்டத்தை நடுவில் அறுத்தார். இன்ஜின் உட்கார இடம் வேண்டுமென்று ஒரு சாண் நீளம் கூட்டி வெல்டிங் வைத்தார். செயின் நேராக ஓடுகிறதா என்று பார்க்க என் நூல்கண்டை எடுத்துப் போய் முன் பல்சக்கரத்திலிருந்து பின் பல்சக்கரம் வரை நூல் பிடித்தார். நான் கத்தினேன். நல்ல நூல், ஒரு கண்டு பாழ்.

எக்சிலேட்டர் கேபிளில் கொஞ்சம் தடுமாறினார். கப்சாயின் கேபிள் இந்தச் சின்ன வண்டிக்கு மிக நீளம். இந்த வண்டியின் சொந்தக் கேபிளை இழுத்துப் பார்த்தால் கைப்பிடியிலிருந்து இன்ஜினுக்கு எட்டியும் எட்டாமலும் வந்தது. கடைசியில் மாட்டிவிட்டார். "ஒரு விரல் மிச்சம் இல்ல. ஆனா போதும்" என்றார். நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

என் கண் வேறு இடத்தில் இருந்தது. அந்த இன்ஜினை அவர் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடையில் வாங்கியிருந்தார். கழுவி வைத்தபோது பார்த்தேன், அதன் பக்கவாட்டு மூடியில் ஒரு குங்குமப் பொட்டு. சந்தனம் போய்விட்டது, குங்குமம் மட்டும் அலுமினியத்துக்குள் இறங்கி நின்றது. பெட்ரோல் போட்டுத் தேய்த்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

"இது நம்ம ஆள் வண்டிங்க" என்றேன்.

"இருக்கட்டுமே."

"வண்டி எங்க? ஆள் எங்க? எதுக்கு இன்ஜின் மட்டும் கடைக்கு வந்துச்சு?"

"எனக்கு என்னம்மா தெரியும்? எக்சிடென் வண்டியா இருக்கும்."

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சும்மா சொன்ன வார்த்தை அது. எனக்கு அது போதும். அந்தப் பொட்டை ஒரு பெண்தான் வைத்திருப்பாள். புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அவள் கையால் வைத்த பொட்டு. அப்புறம் ஒரு நாள் அந்த வண்டி வீட்டுக்கு வரவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே முடிவு கட்டிவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி வெயில். தெரு காலியாக இருந்தது. வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது. இந்த மாதிரி வண்டியைப் பெரிய ரோட்டில் ஓட்டக்கூடாது, அதனால் பின்சந்து வழியாகத்தான் போவார். சந்து நேராகப் போய், வெள்ளத் தண்ணீர் தேங்குவதற்காக வெட்டிய குளத்தின் ஓரத்தில் இடது பக்கம் திரும்பும். அதைத் தாண்டினால் லோரி நிறுத்தும் காலி மைதானம். அங்கே வலது பக்கமாகவே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு அதே வழியில் வந்தார். முகம் முழுக்கப் பல்.

அன்றைக்கு வளைவில் வித்தியாசமான ஒரு சத்தமும் இல்லை. இதை நான் நாலு வருடம் மறந்திருந்தேன்.

பொட்டு மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில் பாதையோரம் இருக்கும் ஒரு முனீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பூசாரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒன்பது முடிச்சுப் போட்ட கறுப்புக் கயிறு ஒன்றை விபூதியில் புரட்டிக் கொடுத்தார். "வண்டியில கட்டிருங்க. அவருக்குத் தெரிய வேணாம். எடுக்கிறதா இருந்தா கத்தி, கத்திரிக்கோல் படக்கூடாது. அவிழ்த்துதான் எடுக்கணும்" என்றார். இது எனக்குத் தெரிந்ததுதான். தைப்பூசத்துக்கு அவர் கையில் கட்டும் கயிற்றைக்கூட நான் கத்திரிக்க விடமாட்டேன். பல்லால் இழுத்தாவது அவிழ்த்துத்தான் எடுப்பேன்.

வண்டியில் கண்டதையும் தொங்கவிட்டால் அவருக்குப் பிடிக்காது. சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் என்பார். அதனால் சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும் இடம் தேடினேன். வண்டியின் மூக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அடியில் ஒரு இடுக்கு. அவருடைய மணிக்கட்டு அதில் போகாது, என்னுடையது போகும். உள்ளே கை விட்டுத் தடவினேன். கைப்பிடியின் இரும்புத் தண்டும், அதை ஒட்டி ரப்பர் போட்ட ஒரு ஒயரும் கையில் பட்டன. இரண்டையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கொக்கி தைக்கிற கை இது. நான் முடிச்சுப் போட்டால் அது நான் சொன்னால்தான் அவிழும்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு வண்டி கிளம்பியது. நான் பின்பக்கக் கதவில் நின்றேன். சந்தில் நேராகப் போகும்வரை அதே பூனைச் சத்தம். குளத்து வளைவுக்குப் போனதும் ஒரு கேவல். யாரோ திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுத்த மாதிரி, ஒரே ஒரு கேவல். பிறகு பழையபடி உறுமல்.

"வளைவுல எதுக்கு முறுக்குனீங்க?" என்று கேட்டேன்.

"நான் முறுக்கலையே. அதுவா ஏறுச்சு" என்றார். கார்ப்ரேட்டரில் குப்பை இருக்கும் என்று கழற்றிக் கழுவினார்.

அதுவா ஏறியது என்றால்? கயிறு கட்டியிருக்கிறேன், அதற்கு மீறி ஏறுகிறது என்றால்? வெள்ளிக்கிழமை பூசாரியிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "பலமாத்தான் இருக்கு. இன்னொன்னு கட்டுங்க" என்றார். கட்டினேன், முதலாவதை ஒட்டி, இன்னும் இறுக்கமாக.

அந்த ஞாயிறு வளைவில் வண்டி வாய்விட்டு அலறியது. குளத்தில் உடும்பு ஒன்று தொப்பென்று தண்ணீரில் விழுந்தது எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு மாக்சிக் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தக் குளத்துகிட்ட ஏதோ இருக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டு, ஈரத்துணியோடு வீட்டுக்குள் போய்விட்டார்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். போகும்போது மட்டும்தான் அலறல். திரும்பி வரும்போது அதே வளைவு, அதே மனிதர், வண்டி கம்மென்று வரும். அவரை ஏதோ அந்தப் பக்கம் கூப்பிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. திரும்பி வருவதில் அதற்கு அக்கறை இல்லை. வந்தவரைத் தொட்டுப் பார்ப்பேன். வியர்வையில் நனைந்து, சூடாக, என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். இருந்தாலும் கொஞ்ச நேரம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஓட்டாதீங்க" என்று சொன்னேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். "ஸ்பிரிங் மாத்திட்டேன்லா, இனிமே சரியாயிடும்" என்றார். வொர்க்‌ஷாப்பில் ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லையாம். ஸ்டாண்டில் வண்டி நேராகத்தானே நிற்கும். அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கு எங்கே தோன்றப் போகிறது?

மூன்றாவது கயிறு கட்டும்போது நான் அழுதேன். தரையில் படுத்து, அந்த இடுக்கில் கை விட்டு, முன்பு கட்டிய இரண்டையும் தடவிப் பார்த்து, அதற்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். நூல் விரலை அறுத்தது. "யாரா இருந்தாலும் சரி, என் புருஷனை விட்டுரு" என்று அந்த இன்ஜினிடமே சொன்னேன். குங்குமப் பொட்டு என் முகத்துக்கு நேராக இருந்தது.

அந்த ஞாயிறு சத்தம் எழுந்தது, நிற்கவில்லை. அலறல், அதற்குள்ளே ஒரு மோதல், அதற்குப் பிறகும் அலறல். நான் செருப்பில்லாமல் ஓடினேன். வண்டி முன்சக்கரம் தூக்கி, வளைவில் திரும்பாமல் நேராகப் போய், சந்தோரக் கால்வாயின் சிமெண்டு விளிம்பில் மோதியிருந்தது. அவர் வலது கால் வண்டிக்கும் விளிம்புக்கும் நடுவில். வலது கை விரல்கள் இரண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வண்டி பக்கவாட்டில் கிடந்தபடி, யாரும் முறுக்காமல், கைப்பிடியில் யார் கையும் இல்லாமல், உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் காற்றில் சுற்றியது. "சாவியை மூடு!" என்று அவர் கத்துகிறார், எனக்குச் சாவி எது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.

சட்டென்று அடங்கியது. அலறல் இறங்கி, பூனை உறுமலாகி, அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். என் கை பட்டதும் அடங்கிவிட்டது. கோயில் கயிறு கட்டிய கை என்பதை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, இப்போது எழுதும்போது கூசுகிறது. அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் பிளேட்டும் ஸ்குரூவும். "நான் வர்ற வரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னார். இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை பார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த வாரம், ஒரு நாள் காலை அவரைச் சமையலறைக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்து, கேட்டபடி வண்டியைப் பக்கத்தில் தள்ளிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். சாயங்காலம் திரும்பினால் அதே இடத்தில் இருக்கிறார். மதியத்துக்கு வைத்த சோறு அப்படியே இருக்கிறது. வண்டியின் மூக்குமூடி கழன்று தரையில் கிடந்தது. இடது கை நகக்கண்ணில் ரத்தம். "கட்டுப் போட்ட கையை வச்சுக்கிட்டு என்னத்தை நோண்டுறீங்க, சனியனை இன்னும் விடலையா?" என்று கத்தினேன். என் கயிறுகளைப் பார்த்துவிட்டாரோ என்று ஒரு பயம். நான் எட்டிப் பார்ப்பதற்குள், "கார்ப்ரேட்டர்தான்மா. என் தப்பு. லோரிக்காரன் பைக் வேலை செஞ்சா இப்படித்தான்" என்றார். மறுநாளே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார். போகட்டும், கயிற்றோடு தொலைந்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் லோரிக்கு அடியில் படுக்க முடியவில்லை. எட்டு மாதம் வீட்டில் இருந்தார். பகலில் கடை, சாயங்காலம் வீட்டு மெஷின் என்று நான் தைத்துத் தள்ளினேன். பிறகு முதலாளி அவரைக் கௌண்டரில் உட்காரவைத்தார், சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. லோரி ஒன்று வந்து நின்றால் அதன் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவர். இப்போது மற்றவர்கள் குனிந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒவ்வொரு சாயங்காலமும் என் வசனத்தைச் சொன்னேன்.

போன மாதம் வீட்டு மெஷினில் ஒரு சின்ன ஸ்குரூ ஆடியது. அவருடைய டூல் பெட்டியில் தேடினேன். அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின். திறந்தேன்.

என் மூன்று கயிறுகள். வெட்டுப்படவில்லை. பூசாரி போட்ட ஒன்பது முடிச்சுகளும் அப்படியே இருந்தன. நான் போட்ட முடிச்சுகள் மட்டும் அவிழ்ந்திருந்தன. இறுக்கிய இடத்தில் நூல் இன்னும் நெளிந்து நின்றது. கூடவே ஒரு முழ நீளத்துக்கு அந்த ஒயர். ஒயர் இல்லை, கேபிள். எட்டியும் எட்டாமலும் வந்த, ஒரு விரல் மிச்சம் இல்லாத எக்சிலேட்டர் கேபிள். அதன் ரப்பரில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று தழும்பு. முதலாவது லேசாக, இரண்டாவது ஆழமாக, மூன்றாவது ரப்பரைக் கடித்து உள்ளே கம்பி தெரிய.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மெக்கானிக் தேவைப்படவில்லை. சட்டைக் கையை இடுப்போடு சேர்த்துத் தைத்துவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னால் என்ன ஆகும்? துணி இழுக்கும். கேபிளைத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கைப்பிடியை இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அது இழுபட்டது, யாரும் முறுக்காமல் வண்டி முறுக்கிக்கொண்டது. வலது பக்கம் திருப்பினால் தளர்ந்தது, அதனால்தான் திரும்பி வரும்போது கம்மென்று வந்தது. ஒவ்வொரு கயிற்றுக்கும் நான் இன்னும் இறுக்கினேன். கால்வாயில் நான் கைப்பிடியை இழுத்து நேராக்கியதும் அடங்கியது. அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அந்த மூன்று தழும்பையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். ஒடிந்த விரலோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து என் முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறார் மனிதர். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே கட்டர் கிடந்தது, அதைத் தொடவில்லை.

சாயங்காலம் காலை இழுத்துக்கொண்டு படி ஏறினார். செருப்பைக் கழற்றினார். நான் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன, இன்னிக்குப் பாட்டு இல்லையா?" என்றார்.

சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டதும், "டின்னைத் தொறந்துட்டேங்க" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். "ஸ்குரூட்ரைவர் கெடச்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு வெடித்துவிட்டது. "ஏன் சொல்லல? நாலு வருஷம் நான் அவ்வளவு பேசுனேனே, கல்லு மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கப்புறம் நீ ஊசி நூலைத் தொட்டிருப்பியா? அப்போ இந்த வீட்ல ஓடுனது உன் மெஷின் ஒண்ணுதான்."

நான் அழுதேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இடது கையால் என் தலையைத் தொட்டார். கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன், "அப்போ அந்தச் செத்தவன்?"

"யாரு செத்தான்? அன்னைக்கு நான் சும்மா சொன்னது. அப்புறம் விசாரிச்சேன். அது அந்தக் கடைக்காரனோட சொந்த வண்டி. சட்டம் துருப்பிடிச்சுப் போச்சுன்னு பிரிச்சுட்டான். பொட்டு அவன் பொண்டாட்டி வச்சது. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. நீதான் ஒருத்தனைக் கொன்னு வச்சிருந்தே. அவன் மேல பழி இருந்தா யாருக்கும் வலிக்காதுன்னு நானும் விட்டுட்டேன்."

ரயிலுக்குப் போகக் குளத்தோரம்தான் குறுக்குவழி. நாலு வருடமாக அந்த வளைவில் முனீஸ்வரரைக் கூப்பிட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போவேன். இப்போது நின்று பார்க்கிறேன். உடும்பு கிடக்கிறது, பிளாஸ்டிக் பை மிதக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அங்கே ஒருபோதும் ஒன்றும் இருந்ததில்லை. இருந்தாலும் இடது பக்கம் திரும்பும்போது என் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுற்றி மறைத்துக்கொள்கிறேன்.